அத்தனையும் இடது கை

"யாரைச் சேர்க்கணும்? வீட்டுக்காரரையா?"

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. குடியை நிறுத்த வைக்கும் அந்த மருத்துவமனையின் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு ஆணை இழுத்துக்கொண்டு வந்தவர்கள். ஒருவர் நாற்காலியிலிருந்து வழுக்கி வழுக்கிக் கீழே போக, அவர் மனைவி சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்காரு. அவரு காப்பியே தொடமாட்டாரு" என்றாள் அண்ணி. "நான் என்னையத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"அப்ப இவங்க?"

"இவ என் நாத்தனார். துணைக்கு வந்திருக்கா."

நாத்தனார் என்றதும் அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாளே! அண்ணன் பெண்டாட்டிக்குக் குடிகாரிப் பட்டம் கட்டி, வீட்டை விட்டுத் துரத்த வந்திருக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டாள். உலகத்தில் எந்த நாத்தனாருக்கும் நல்ல பேர் கிடைக்காது. நான் அதற்காக மெனக்கெடுவதும் இல்லை.

"பெண்களுக்கு இங்க வார்டு இல்லம்மா. ஆண்களுக்கு மட்டும்தான்."

"வெளிய போர்டுல அப்படிப் போடலையே."

"போடவேண்டிய அவசியம் இதுவரைக்கும் வரல."

"இப்ப வந்திருச்சுல்ல" என்று சொல்லிவிட்டு அண்ணி ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். வெளியே எடுத்தால் நடுங்கும்.

அந்தக் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டை தைக்கும் கம்பெனியில் அண்ணி கட்டிங் மாஸ்டர். அந்த வேலைக்குப் பெண்கள் வருவது அபூர்வம், எங்கள் கம்பெனியில் அவள் ஒருத்திதான். நீள மேசையில் துணியை மடிப்பு மேல் மடிப்பாக விரித்து, அடுக்கு ஒரு சாண் உயரம் வந்ததும் மேலே அளவுத்தாளை வைத்து, மின்சாரக் கத்தியை ஓட்டுவாள். இடது கையில் இரும்பு வலையால் ஆன கையுறை. கத்தி ஒரு நூல் விலகினாலும் அடுக்கு மொத்தமும் வீண். அவள் ஓட்டினால் விலகாது. முதலாளியிலிருந்து தரை கூட்டுகிறவர் வரைக்கும் அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அதே கம்பெனியில் தையல் வரிசையில் இருக்கிறேன். சட்டைக்குக் கை ஏற்றுகிற வேலை.

மாஸ்டர் எந்நேரமும் மூக்கையும் வாயையும் மூடி ஒரு துணி கட்டியிருப்பாள். பஞ்சுத்தூசிக்காக என்று நினைத்தோம். யாராவது பக்கத்தில் போய்ப் பேசினால் ஓரடி பின்னால் நகர்வாள். தலைக்கனம் என்று நினைத்தோம். கிராம்பை மென்றுகொண்டே இருப்பாள், கேட்டால் பல்வலி என்பாள். வருடக்கணக்காகப் பல்வலியோடு இருப்பவள் ஏன் ஒரு நாள்கூட டாக்டரிடம் போகவில்லை என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அத்தனை பேரும் வேலைக்குப் போயிருக்கிறோம்.

அவளுடைய டீ பிளாஸ்கில் இருந்தது டீ இல்லை. காலையில் கை நடுங்கும். இரண்டு வாய் குடித்தால் நிற்கும். கை நின்றால்தான் கத்தியைப் பிடிக்கலாம். நாங்கள் மெச்சிய அந்த நேர்கோட்டுக்குப் பின்னால் இருந்தது பிராந்தி.

விஷயம் வெளியே வந்ததும் அவளால்தான். கம்பெனிக்கு விடுமுறை விட்டிருந்த சமயம், யாரிடமும் சொல்லாமல் தானாகவே நிறுத்திப் பார்த்திருக்கிறாள். அண்ணன் எலெக்ட்ரீஷியன், வெளியூரில் ஒரு கட்டடத்துக்கு ஒயரிங் வேலைக்குப் போயிருந்தான். நான் சும்மா எட்டிப் பார்க்கப் போனால், அண்ணி சமையலறைச் சுவரைத் துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருக்கிறாள். உடம்பெல்லாம் வியர்வை.

"எறும்பு. பாரு, எவ்வளவு எறும்பு" என்றாள்.

சுவரில் ஒரு எறும்பும் இல்லை. உட்காரவைத்து என்ன ஏது என்று அதட்டிக் கேட்டதும் ஒளிக்காமல் சொன்னாள். அண்ணி குடிக்கிறாள் என்பதைவிட, இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. அந்தக் கோபத்தோடு ஆட்டோ பிடித்து ஏற்றி வந்தேன். அப்படி வந்த இடத்தில்தான் போர்டு, வார்டு என்று இந்தப் பேச்சு.

உட்கார்ந்த இடத்தை விட்டு அண்ணி அசையவே இல்லை. கடைசியில் டாக்டரே வெளியே வந்தார். கண்ணாடி போட்ட, அவசரமாக நடக்கிற ஒரு அம்மாள். கைகளைக் காட்டச் சொன்னார், நாடி பிடித்தார், எப்போதிலிருந்து குடிக்கவில்லை என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் எங்கள் இரண்டு பேருக்கும் சரியான டோஸ்.

"வருஷக்கணக்கா தினமும் குடிச்சவங்க திடீர்னு தானா நிறுத்தக்கூடாது. வலிப்பு வரும், உயிரே போயிடும். மருந்து குடுத்து, பக்கத்துல ஆளு இருந்து பார்த்துத்தான் நிறுத்தணும். வைராக்கியம் எல்லாம் அப்புறம் காட்டலாம்."

"காட்டுறேன். முதல்ல கட்டில் குடுங்க" என்றாள் அண்ணி.

நர்சுகள் அறையை ஒட்டி உடைந்த ஸ்டாண்டுகள் போட்டுவைத்த அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து கட்டில் போட்டார்கள். பெண்கள் வார்டு என்று அங்கே இன்றைக்கு இருப்பது அந்த அறைதான். அப்போது அதில் ஜன்னல்கூடச் சரியாக மூடாது.

நடுக்கம் அடங்கியதும், பேசிப் பார்த்து மனதைத் திறக்கவைக்கும் இளைஞர் ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை, ஆனால் கேள்வியைப் பதிலோடு சேர்த்தே கொண்டுவருவார். "வீட்ல ஏதாவது கொடுமையா? கணவர் அடிப்பாரா? சின்ன வயசுல ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. நல்லா இருந்துச்சு, குடிச்சேன். அப்புறம் நல்லா இல்ல, அப்பவும் குடிச்சேன்."

அவர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இன்னும் ஏதாவது வரும் என்று நினைத்தார் போல.

"ஏன் தம்பி, சோகக்கதை இருந்தாத்தான் மருந்து குடுப்பீங்களா?" என்று கேட்டாள் அண்ணி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் ஒழுங்காகப் பேச ஆரம்பித்தார்கள்.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்றும் உண்டு. இவள் ஒருத்தியைத் தவிர மற்றவர்கள் ஆண்கள். அதில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், தொண்டையே விசில் மாதிரி இருக்கும். அவரைத்தான் அவளுக்குத் துணையாளாகப் போட்டார்கள். எந்நேரமானாலும் போன் பண்ணலாம்.

"குடிக்கணும்னு தோணுச்சுன்னா, தோணுதுன்னு வாய விட்டுச் சொல்லிடுங்கம்மா" என்றார் அவர். "அடக்கி வச்சீங்கன்னா அது உள்ளயே டிக்கெட் எடுத்து, ஜன்னல் சீட்ல உக்காந்துக்கும். அப்புறம் எறக்க முடியாது."

இந்தக் கதையில் என் அண்ணன் பங்கு என்னவென்றால், அவன் பொய் சொன்னான். கெட்டவன் இல்லை. கை நீட்டமாட்டான், சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பான். ஆனால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவனுக்கு எலும்பு வரைக்கும் உண்டு. ஆணாக இருந்தால் பரவாயில்லை, வயிற்று வலிக்கு மருத்துவமனையில் இருக்கிறான் என்று சொல்லலாம், எல்லோரும் புரிந்துகொண்டு தலையாட்டுவார்கள். பெண்டாட்டி என்றதும் தெரு முழுக்க 'கர்ப்பப்பை ஆபரேஷன்' என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் வீடு திரும்பிய அன்றைக்கே பக்கத்து வீட்டு அக்கா ஒரு பை பழத்தோடு வந்துவிட்டாள். "குனியாதே, தண்ணிக் குடம் தூக்காதே, தையல் பிரிஞ்சிரும். எனக்கும் இதே ஆபரேஷன்தான்" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். அண்ணன் உள்ளே மின்விசிறியைத் துடைப்பது போலப் பாவனை செய்துகொண்டிருந்தான்.

"அக்கா, எனக்கு ஆபரேஷன் இல்ல" என்றாள் அண்ணி. "குடிப்பேன். தினமும் குடிப்பேன். அதை நிறுத்தத்தான் ஆஸ்பத்திரியில இருந்தேன்."

பக்கத்து வீட்டு அக்கா பையைக் கொடுப்பதா, திருப்பி எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் பாதி வழியில் நிறுத்தி வைத்திருந்தாள்.

"பழத்தைக் குடுத்துட்டுப் போங்க. குடிகாரியும் பழம் சாப்பிடுவா."

நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. அண்ணன் ஸ்டூலிலிருந்து இறங்கி, "மானத்த வாங்கிட்டியே" என்றான்.

"ஆபரேஷன்னு நீங்க சொன்னீங்கன்னா நான் திரும்ப வாயைக் கட்டணும். இத்தனை வருஷம் வாயைக் கட்டிட்டுத்தான் குடிச்சேன்" என்றாள் அவள்.

அவன் வேறொரு வேலையை ஆரம்பித்தான். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் உப்பு டப்பாவை எடுக்கிற சாக்கில், துண்டை எடுக்கிற சாக்கில் அவள் முகத்தருகே வந்து மூச்சை இழுத்துப் பார்ப்பான். மோப்பம் பிடிப்பது தெரியவில்லை என்று அவன் நினைப்பு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கமாட்டான். உப்பு டப்பாவை ஒரே நாளில் எத்தனை முறைதான் எடுப்பான் ஒரு மனுஷன்! பார்க்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனியில் லீவு கேட்டபோதே அண்ணி மேனேஜரிடம் உண்மையைச் சொல்லியிருந்தாள். மேனேஜரும் ஒரு காலத்தில் கத்தி பிடித்தவர்தான். வாரக் கடைசியில் அவர் எந்த பாரில் போய் உட்காருவார் என்பது கம்பெனிக்கே தெரியும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. திரும்பி வந்த அவளிடம் அவர் சொன்னார்: "மேசையைக் குடுக்கறேன் மாஸ்டர். ஆனா ஒரு தப்பு நடந்தாலும் நூல் வெட்டுற பக்கம் அனுப்பிடுவேன். அப்புறம் இந்த மேசையை நீங்க மறந்துடணும்."

நூல் வெட்டுகிற இடம் என்றால் மூலையில் ஸ்டூல் போட்டு, தைத்த சட்டையில் தொங்கும் பிசிறை நறுக்குவது. நேற்று சேர்ந்தவர்கள் செய்கிற வேலை. அண்ணிக்கு அந்த மேசைதான் உயிர். குடியை விடவேண்டும் என்று அவள் நினைத்ததே கத்தியைத் தன் கையால், தன் சொந்தக் கையால் பிடிக்க வேண்டும் என்றுதான். அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

முகத்துணி இல்லாமல் மேசைக்கு வந்தாள். முதலில் எல்லோருக்கும் அவள் முகமே புதுசாக இருந்தது. அப்புறம் பேச ஆரம்பித்தாள் பாருங்கள்! அத்தனை வருடப் பேச்சும் அணை உடைந்த மாதிரி வந்தது. எதிர்ப்பக்கம் துணி பிடிக்கிறவளுக்கு ஒரு மாமியார் உண்டு, மாமியார் பற்றிய கதைகளும் குறைவில்லாமல் உண்டு. இருவரும் துணியை விரித்துக்கொண்டே பேசுவார்கள், பேசிக்கொண்டே விரிப்பார்கள். அண்ணி இப்படிக் குரல் விட்டுச் சிரிப்பாள் என்று எனக்கே அதுவரை தெரியாது.

வினை அதில்தான் வந்தது. அன்றைக்குப் பூப்போட்ட துணி. ஒரு பக்கம்தான் பூ, மறுபக்கம் வெளுத்திருக்கும். அந்த மாதிரித் துணியில் சட்டைக் கை வெட்டும்போது ஒரு மடிப்பு பூ மேலே, அடுத்த மடிப்பு பூ கீழே என்று மாற்றி மாற்றி விரிப்பாள். அப்போதுதான் ஒரே அளவுத்தாளை வைத்து வெட்டினாலும் பாதி இடது கை, பாதி வலது கை என்று வரும். மாமியார் கதை எந்தக் கட்டத்தில் இருந்ததோ, எல்லா மடிப்பையும் பூ மேலே இருக்கிற மாதிரியே விரித்துவிட்டார்கள்.

வெட்டின கைகள் என் மெஷினுக்கு வந்தன. இடது கையை ஏற்றிவிட்டு வலதைத் தேடினேன். இல்லை. கட்டைப் பிரித்தேன், அடுத்த கட்டையும் பிரித்தேன். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. "அண்ணி! என்ன இது, அத்தனையும் இடது கை! இந்தச் சட்டையைப் போட்டுக்கப் போறவங்களுக்கு வலது கையே இல்லையா?" என்று கத்திவிட்டேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சத்தத்தில் மேனேஜர் தன் அறையிலிருந்து வந்துவிட்டார்.

ஒரு கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். கவனமாகக் கீழே வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அடுத்த அடுக்கை பூ கீழ இருக்கிற மாதிரி விரிச்சா எல்லாம் வலது கையா வந்துரும் சார். துணி வீணாகாது. அரை நாள் தள்ளிப்போகும்" என்றாள் அண்ணி.

"அது எனக்குத் தெரியாதா? நானும் வெட்டினவன்தான்" என்றார் அவர். "இத்தனை வருஷத்துல நீங்க இப்படி ஒரு தப்பு பண்ணதே இல்ல மாஸ்டர்." பிறகு குரலைத் தாழ்த்தினார், ஆனால் மெஷின்கள் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "வாயை ஊதிக் காட்டுங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. போன மாதம் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தவரை யாராவது ஊதச் சொன்னார்களா? எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனேன். அண்ணி கையுறை போட்ட கையை என் பக்கம் நீட்டி நிறுத்தினாள்.

"ஊதமாட்டேன்" என்றாள் அவரிடம். "நான் குடிச்சுட்டு வெட்டின காலத்துல ஒரு தப்பும் வரல, நீங்க என்னைய மெச்சினீங்க. இது குடிக்காம பண்ணின தப்பு. பேசிட்டே விரிச்சேன், தப்பாப் போச்சு. இது என் சொந்தத் தப்பு சார். இதுக்கு வேணா திட்டுங்க, வாங்கிக்கறேன்."

"ஊதறதுல என்ன கஷ்டம்? குடிக்கலைன்னா ஊதலாமே."

"இன்னைக்கு ஊதினா நாளைக்கும் ஊதச் சொல்வீங்க. ஊசி உடைஞ்சா ஊதச் சொல்வீங்க, கரண்ட் போனா ஊதச் சொல்வீங்க."

மேனேஜர் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். வந்து அழைத்துப் போகச் சொன்னார். அவர் பேசி முடிக்கும் வரை அண்ணி பொறுத்திருந்தாள். பிறகு கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தாள். அவள் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தேன். கோபத்தில்தான் என்று நினைத்தேன். ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றது கண்டக்டரின் விசில் தொண்டை.

"அண்ணே, குடிக்கணும் போல இருக்கு."

அத்தனை பேர் முன்னால் சொன்னாள். ஊசி விழுந்தால் கேட்கும், ஊசிக்குப் பஞ்சமே இல்லாத அந்த ஹாலில்.

"எங்க இருக்கீங்க?"

"மேசையிலதான். ஊதச் சொல்றாங்க. கேட்டைத் தாண்டினா கடை இருக்கு, அது எனக்கு இங்கிருந்தே தெரியுது."

"சரி, சொல்லிட்டீங்கல்ல. ஏறின பஸ்ஸை விட்டு எறங்காதீங்க. நான் கேட்டுக்கு வந்து நிக்கறேன். அதுவரைக்கும் கைக்கு வேலை குடுங்க."

"சரிண்ணே" என்று வைத்தாள். எதிர்ப்பக்கத்தவளைப் பார்த்து, "பிடி. பூ கீழ" என்றாள். அவள் மேனேஜர் முகத்தைப் பார்த்தாள். மேனேஜர் தடுக்கவில்லை. துணி விரிய ஆரம்பித்தது. அண்ணி இம்முறை ஒவ்வொரு மடிப்பையும் உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

அண்ணன் வந்தான், சட்டைப் பையில் டெஸ்டர் துருத்திக்கொண்டிருக்க. முகம் வெளுத்திருந்தது. நேராக மேசைக்குப் போனான். ஏதோ ரகசியம் சொல்லப் போகிறவன் மாதிரி அவள் முகத்துக்கு நேரே குனிந்தான். நான் பல்லைக் கடித்தேன். இங்கேயும் உப்பு டப்பா!

அண்ணி அவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினாள்.

"மோந்து பாக்காதீங்க. கேளுங்க."

"என்ன?"

"என்கிட்ட கேளுங்க. கல்யாணம் ஆனதுலருந்து ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? நாத்தம் வந்தப்பவும் கேக்கல, இப்பவும் கேக்கல. மூக்கை விட்டுட்டு வாயால கேளுங்க."

அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தான். இத்தனை நாள் யாருக்குப் பயந்து ஆபரேஷன் கதை கட்டினானோ, அந்த மாதிரி நூறு கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை.

"குடிச்சியா?" என்றான். குரல் பாதிதான் வந்தது.

"இல்ல."

"நெஜமாவா?"

"இல்லன்னா இல்ல. குடிக்கணும் போல இருக்கு, அதுவும் நெஜம். நாளைக்குக் குடிச்சாலும் நானே சொல்லுவேன். கேட்டா சொல்லுவேன்."

அண்ணன் சுவரோரம் கிடந்த துணி உருளை மேல் உட்கார்ந்தான். போகவில்லை. கேட்டில் கண்டக்டர் வந்து நின்று, காவலாளியோடு ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அடுக்கு உயர்ந்ததும் அண்ணி கையுறையை மாட்டி, கத்தியை நிறுத்தி, ஓட்டினாள். அதில் ஒரு பிசிறு இல்லை. சாயங்காலத்துக்குள் வலது கைகள் என் மெஷினுக்கு வந்து சேர்ந்தன.

நூல் வெட்டுகிற ஸ்டூலைப் பற்றி மேனேஜர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவள் மேசைக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் மெஷினில் நூல் கோர்ப்பது போலக் குனிந்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தோம். அவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். இரண்டடி தள்ளியே நின்றார், குனியவில்லை.

"மாஸ்டர், குடிச்சிருக்கீங்களா?"

அண்ணி அளவுத்தாளிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இல்ல சார்" என்றாள். "நீங்க?"